பாக்குமரம் தைத்த சிறு கொடிக்கு மெர்டேக்கா மண்டபத்தில் இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஆண்டுதோறும் மெர்டேக்கா என்னும் மலேசிய விடுதலை நாள் விழா எடுக்கும் தமிழ்ச் சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும்,

வணக்கம்.

ஆகஸ்டு 31ஆம் தேதிக்கான நிகழ்ச்சி நிரலை நீங்கள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே இம்மடல் உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதற்காக இதை இப்போதே எழுதுகிறேன். நிரல் எப்படி அமையும் என்பது எனக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளியில் 32 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் அத்தகைய நிரல்கள் பலவற்றை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாட்டுப்பண்ணான நெகாராகூ, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, மாணவர் நடனம், பிரமுகர்களுக்குப் பொன்னாடை, நன்றியுரை, இரவு விருந்து. இவ்வரிசையில் இரண்டு மாற்றங்களைக் கேட்கிறேன். நம்மிடையே வாழும் திருநங்கையரும் திருநம்பியரும் தன்பால் ஈர்ப்புடையோரும் தங்கள் பெயரோடும் தங்கள் சிறு கொடியோடும் அந்த மண்டபத்தில் அமர இடம் தாருங்கள். அத்துடன், நாட்டின் விடுதலையை ஒரே நாளின் ஒரே கதையாகச் சொல்லி முடித்துவிடும் வழக்கத்தையும் மறுபடி யோசியுங்கள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நான் நம்புவதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், கடந்த ஆண்டு நடந்தது. என் அக்காள் மகள் ஒரு திருநங்கை. ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறாள். நாங்கள் சார்ந்த சங்கத்தின் மெர்டேக்கா விழாவுக்காக மேசை விளிம்புகளில் கட்டும் தோரணங்களை அவள்தான் தைத்துக் கொடுத்தாள்; கூலி வாங்கவில்லை. அந்த வாரத்திலேயே, ரவிக்கை வெட்டும்போது விழுந்த துண்டுத் துணிகளைச் சேர்த்து, இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவில் தனக்கென்று ஒரு கொடியையும் தைத்துக்கொண்டாள். குங்குமச் சிவப்பு, கனகாம்பர நிறம், மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம், கத்தரிப்பூ நிறம் என்று ஆறு பட்டைகள், உலகெங்கும் இம்மக்கள் ஏந்தும் வானவில் கொடியில் உள்ளதைப் போல. நடுவில் வெள்ளை சாட்டினில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் பச்சை நூலில் சங்கிலித் தையலிட்ட ஒரு பாக்குமரம். தண்டின் வளையங்களைக்கூட விட்டுவிடாமல் சாம்பல் நிற நூலில் ஒவ்வொன்றாகக் கட்டியிருந்தாள். பினாங்கு என்ற பெயரே பாக்குமரத்தால் வந்தது. மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் அம்மரமே. எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று நான் கேட்டபோது, "வானவில் எல்லா ஊருக்கும் பொதுதானே சின்னம்மா, மரம் இருந்தாத்தான் இது நம்ம ஊர்க் கொடி" என்றாள்.

அதைக் கைப்பையின் வாரில் கட்டிக்கொண்டு விழாவுக்கு வந்தாள். கையில் நாட்டுக் கொடியான ஜாலூர் கெமிலாங் தனியாக இருந்தது. வாசலில் வருகைப் பதிவேட்டில் அடையாள அட்டையில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும் என்றார்கள், எழுதினாள். பிறகு பொறுப்பாளர் ஒருவர் பையில் இருந்த கொடியைக் காட்டி, நாட்டு விழாவில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அவள் மறுபேச்சுப் பேசாமல் முடிச்சை அவிழ்த்து, கொடியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நெகாராகூ ஒலித்தபோது கடைசி வரிசையில் நிமிர்ந்து நின்றாள். விருந்து தொடங்கியபோது அவளைக் காணவில்லை. அவள் தைத்த தோரணங்கள் கட்டிய மேசையில் அமர்ந்து நான் சாப்பிட்டேன், யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. அன்று நான் பேசியிருக்க வேண்டியதைத்தான் இன்று எழுதுகிறேன்.

அந்தப் பொறுப்பாளரின் அச்சத்தை நான் அறியாதவள் அல்லள். 2023ஆம் ஆண்டு மே மாதம் உள்துறை அமைச்சின் அதிகாரிகள் நாட்டின் பேரங்காடிகளில் இருந்த கடைகளில் நுழைந்து, வானவில் நிறங்கள் கொண்ட ஸ்வாட்ச் கைக்கடிகாரங்கள் 172ஐப் பறிமுதல் செய்தார்கள். அவற்றைத் திருப்பித் தருமாறு கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் ஒன்றரை ஆண்டுக் காலம் நாடு முழுவதும் மக்கள் மனத்தில் பதிந்த பயம் ஒரு தீர்ப்பால் போய்விடாது. சங்கத்தின் பதிவு போய்விடுமோ, மானியம் நின்றுவிடுமோ, அடுத்த ஆண்டு மண்டபம் கிடைக்காமல் போகுமோ என்ற கவலை உங்களுக்கு இருக்கலாம். சிறுபான்மையினரின் அமைப்பை நடத்துவோருக்கு அக்கவலை இயல்பானது. ஆகவே அவள் கொடியைக் கம்பத்தில் ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. தேசியக் கொடியின் மேல் எதையும் வரையவோ தைக்கவோ வேண்டும் என்றும் கேட்கவில்லை; அதைச் சட்டம் அனுமதிக்காது, என் அக்காள் மகளும் விரும்பமாட்டாள். ஒருத்தி தன் பையில் கட்டிய கையகலத் துணியை அவிழ்க்கச் சொல்லாமல் இருப்பதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

நாட்டு விழாவில் இக்கொடிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன். வானவில் கொடி பிறந்ததே ஒரு நாட்டு விழாவின் தூண்டுதலால்தான். 1976ஆம் ஆண்டு அமெரிக்கா தன் விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. எங்கு திரும்பினாலும் தேசியக் கொடி பறந்த அந்த ஆண்டில், ஒரு கொடிக்கு இத்தனை வலிமை உண்டென்றால் தம் மக்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சான்பிரான்சிஸ்கோ கலைஞர் கில்பர்ட் பேக்கர் எண்ணியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1978 ஜூன் 25ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் முதன்முதலாக ஏற்றப்பட்ட அக்கொடியை, அவரும் லின் செகர்ப்ளூமும் தொண்டர்களும் கையால் சாயம் தோய்த்துத் தைத்தார்கள். அன்று அதில் எட்டு நிறங்கள் இருந்தன. இளஞ்சிவப்புத் துணி போதிய அளவில் கிடைக்காமல் ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்றும் குறைந்து ஆறாயிற்று. கடையில் துணி கிடைக்கவில்லை என்பதற்காக மாறிய கொடி அது. அதில் ஒரு பாக்குமரத்தைச் சேர்ப்பதால் எந்தப் புனிதமும் கெடாது.

ஒவ்வொரு நாட்டினரும் அதைத் தம் மண்ணுக்கு ஏற்ப மாற்றியே வந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1994இல் இனஒதுக்கல் ஆட்சி ஒழிந்தபோது ஏற்றப்பட்ட தேசியக் கொடியின் வடிவத்தையும் வானவில் நிறங்களையும் இணைத்து, 2010இல் அந்நாட்டுக்கென ஒரு கொடியை உருவாக்கினார்கள். நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டே எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு ஹோங் லிம் பூங்காவில் முதன்முறையாகக் கூடியவர்கள் வானவில்லை முன்வைக்கவில்லை. இளஞ்சிவப்பு உடை அணிந்து வந்து ஒரு பெரிய புள்ளியாக நின்றார்கள். சிங்கப்பூர்க் கொடியின் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் கிடைப்பது இளஞ்சிவப்பு. நாட்டுக்கு எதிராக நிற்பவர்கள் என்று யாரும் பழி சொல்ல முடியாதபடி, நாட்டுக் கொடியிலிருந்தே தங்கள் நிறத்தைக் கண்டெடுத்தார்கள். இது மேற்கிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்கு என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். அப்படிச் சொல்பவர்கள், வந்த சரக்கைத் தன் ஊர் மரத்தோடு சேர்த்துத் தைப்பவளைப் பாராட்டுவதுதானே முறை?

மேலும், இம்மக்கள் நமக்குப் புதியவர்களும் அல்லர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தன் தொடக்கத்திலேயே, நான்காம் நூற்பாவில், பேடியைக் குறிக்கும் சொல்லை எத்திணையில் வைப்பது என்று பேசி, உயர்திணை முடிபே அதற்கு உரியது என்று சொல்லிவிடுகிறது. மேல்நிலை மாணவர்களுக்கு நான் அதை விளக்கியதுண்டு. தைப்பூசத்தன்று என் அக்காள் மகள் பால்குடம் சுமந்து தண்ணீர்மலைப் படி ஏறும்போது, "வேல் வேல்" என்று கூட நடப்பவர்கள் வழிவிடுகிறார்கள். அங்கே யாரும் அடையாள அட்டையைக் கேட்டதில்லை. கோயில் படியில் கிடைக்கும் மரியாதை சங்க மண்டபத்தின் வாசலில் கிடைக்காமல் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, விடுதலை நாளைப் பற்றி. 2018 ஆகஸ்டில், நம் பினாங்கில், ஜோர்ஜ்டவுன் கலைவிழாவின் ஒரு பகுதியாக ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. மலேசியர்கள் பலர் ஜாலூர் கெமிலாங்குடன் நிற்கும் உருவப்படங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் நிஷா அயூப், பாங் கீ தெய்க் ஆகிய இருவரின் படங்கள் மட்டும் சமய விவகார அமைச்சரின் உத்தரவின்பேரில் அகற்றப்பட்டன. நிஷா அயூப் ஒரு திருநங்கை. 2016இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல்மிக்க பெண்களுக்கான பன்னாட்டு விருதைப் பெற்றவர். பாங் கீ தெய்க், 2008இல் கோலாலம்பூரில் தொடங்கிய செக்சுவலிட்டி மெர்டேக்கா என்ற விழாவின் நிறுவனர்களில் ஒருவர். அவ்விழா தன் பெயரிலேயே மெர்டேக்காவைச் சுமந்தது. 2011இல் காவல் துறை அதற்குத் தடை விதித்தது. மெர்டேக்கா மாதத்தில், தேசியக் கொடியின் மேல் அன்பு கொண்டு நின்றவர்களின் படங்களைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். அந்தச் சுவரையும் சென்ற ஆண்டின் எங்கள் சங்க வாசலையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அச்சுவரில் எஞ்சிய படங்களைத்தான் நாம் இப்போது நாடு என்று கொண்டாடுகிறோமோ என்ற கேள்வி எனக்கு எழுந்ததால், நாம் சொல்லும் விடுதலைக் கதையையே திரும்பப் படிக்கத் தொடங்கினேன். 1957 ஆகஸ்டு 31ஆம் தேதி விடுதலை பெற்றது மலாயாக் கூட்டரசு. சபாவும் சரவாக்கும் அதில் இல்லை. சரவாக் 1963 ஜூலை 22இல் தன்னாட்சி பெற்றது. அந்நாளை இன்றும் தனியே கொண்டாடுகிறது. சபாவுக்கு அது 1963 ஆகஸ்டு 31. மலேசியா பிறந்தது அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி. அந்நாள் நாடு முழுவதற்கும் பொது விடுமுறையானதோ 2010இல்தான், அதாவது 47 ஆண்டுகளுக்குப் பிறகு. கொடியின் கதையும் அப்படியே. ஜொகூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முகமது ஹம்சா என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து, 1950இல் ஏற்கப்பட்ட கொடியின் விண்மீனுக்குப் பதினொரு முனைகளும் கொடிக்குப் பதினொரு பட்டைகளும் இருந்தன. புதியவர்கள் சேர்ந்தபோது இரண்டும் பதினான்காயின. ஜாலூர் கெமிலாங் என்ற பெயர் 1997இல்தான் வந்தது. பினாங்கில் 1948இல் தொடங்கிச் சில ஆண்டுகள், கூட்டரசிலிருந்து பிரிய வேண்டும் என்று வாதாடிய குழுவே இருந்தது. இப்படிப் பல நாட்கள், பல தயக்கங்கள், பல சேர்க்கைகள் கொண்ட நாடு இது. இடம் விட்டுத் தைத்த கொடி என்பதால்தான் அது இன்றும் நம் எல்லோருக்கும் பொருந்துகிறது.

நம் சமூகத்தின் கதையை எடுத்துக்கொண்டால், இதை நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதே இல்லை. என் பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மெர்டேக்கா வந்த பிறகும் அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதோருக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவையான பிறப்புப் பத்திரம் அவரிடம் இல்லை. 1969ஆம் ஆண்டுக்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அட்டைக்காரர்களான தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினார்கள். பாட்டியின் தங்கை குடும்பத்தை பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏற்றிவிட்டு வந்த நாளை, என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி மட்டும் தங்கிவிட்டார். ஒவ்வோர் ஆகஸ்டிலும் லயத்து வாசல் தூணில், மளிகைக் கடையில் வாங்கிய சிறு கொடியைத் தேங்காய் நாரால் கட்டுவார். மழை வந்தால் ஓடிப்போய் அவிழ்த்து உள்ளே வைப்பார். நாடு தன்னைக் குடிமகளாக ஏற்கும் முன்பே நாட்டை ஏற்றுக்கொண்டவர் அவர். 1983இல் சிவப்பு அட்டையோடுதான் இறந்தார். கடைசி வரிசையில் நிமிர்ந்து நின்று நெகாராகூ பாடிய என் அக்காள் மகளைப் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் நினைவுதான் வந்தது. சிவப்பு அட்டைக்காரர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், அட்டையில் உள்ள பெயரைக் காட்டி ஒருத்தியை வாசலில் நிறுத்துவது தகுமா என்று உங்கள் மனத்தைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். இயற்கைக்கு மாறான உறவு என்று பெயரிட்டுத் தண்டிக்கும் 377ஆம் பிரிவு, நம் முன்னோர் எழுதியதன்று. பிரிட்டிஷார் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதியதை, பினாங்கு உட்பட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாகக் கொண்டுவந்தார்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1872 செப்டம்பர் 16. நாம் மலேசிய தினம் கொண்டாடும் அதே தேதி. 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் கோலாலம்பூர்த் திடலில் யூனியன் ஜாக் கொடி இறக்கப்பட்டபோது இச்சட்டப்பிரிவு இறங்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது. நம் நாட்டில் அதன் வழிவந்த பிரிவுகள் இருபது ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கும் வலிமையோடு இன்றும் இருக்கின்றன. சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் வெள்ளையர் விட்டுச் சென்றவற்றுள் எவை இன்னும் நம்மிடம் இருக்கின்றன என்று விடுதலை நாள் மேடையில் ஒருவர் பத்து நிமிடம் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் எது?

விழாவின் வடிவத்தை மாற்றுவது நாட்டை அவமதிப்பதாகும் என்று எண்ணுவோருக்கு இலங்கையை நினைவுபடுத்துகிறேன். அங்கே 2016 பிப்ரவரி 4ஆம் தேதி நடந்த சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஒரு பாட்டின் மொழிபெயர்ப்பு ஒலித்த அந்தச் சில நிமிடங்களுக்காகக் கண்ணீர்விட்டவர்களை இங்கே பினாங்கிலேயே கண்டேன். 2020இல் அது கைவிடப்பட்டபோது பட்ட வேதனையும் நமக்கு நினைவிருக்கிறது. பெரும்பான்மையோருக்குச் சிறு விஷயமாகத் தெரிவது, விடுபட்டவர்களுக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளிலும் நாமே உணர்ந்தோம்.

ஆகவே இவ்வாண்டு உங்களிடம் கேட்பவை மிக எளியவை. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் தம்மை எப்படி அழைக்க விரும்புகிறார்களோ அப்பெயரை எழுதட்டும். அது சங்கத்தின் ஏடு, அரசாங்கப் பதிவன்று. ஒருவர் தம் உடையிலோ பையிலோ வைத்திருக்கும் சிறு கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பொன்னாடைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கிடைக்கும் அரைமணி நேரத்தில், இந்த விடுதலை தம் வாழ்க்கையில் இன்னும் வந்து சேராத மூவரை மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். சிவப்பு அட்டையோடு முதுமையைக் கழிக்கும் ஒருவர், பிறப்புப் பத்திரம் இல்லாததால் தேர்வெழுத அல்லாடும் ஒரு மாணவர், என் அக்காள் மகளைப் போன்ற ஒருத்தி என்று அவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். விழாவை ஆகஸ்டு 31 இரவோடு முடித்துவிடாமல், செப்டம்பர் 16 வரை நீளும் பதினேழு நாட்களாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வட்டாரமும் தன் கதையைச் சொல்ல நேரம் கிடைக்கும். பினாங்கு தன் பாக்குமரத்தோடும், தோட்டப்புறம் தன் பால்வாளியோடும் வரட்டும்.

சென்ற வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கொடி இரும்பு அலமாரியில், தீபாவளிப் புடவைக்குக் கீழே, மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. இவ்வாண்டும் தோரணம் தைத்துத் தருவாயா, விழாவுக்கு வருவாயா என்று கேட்டேன். தைத்துத் தருகிறேன் என்று உடனே சொன்னாள். வருவதைப் பற்றிச் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அழைப்பிதழ்ல என் பேரை எப்படிப் போடுவாங்க சின்னம்மா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லாததால் அக்கேள்வியை அப்படியே உங்களிடம் ஒப்படைக்கிறேன். அழைப்பிதழ் அச்சாகும் முன் பதில் கிடைத்தால் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு.